கரப்பான் இல்லாத வீடு

ஆகஸ்ட் 5, திங்கள்

தன்விகாவுக்கு இருமல் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஆறு வயதுக் குழந்தை இப்படி இழுத்து இழுத்து இருமுவது நல்லதில்லை என்று டாக்டர் சொன்னார். "எப்பெப்ப இருமுதுன்னு தேதி போட்டு எழுதுங்க. அன்னைக்கு வீட்டுல என்ன புகை போட்டீங்க, என்ன தெளிச்சீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. அடுத்த தடவை வர்றப்ப கொண்டுவாங்க" என்றார். கோகிலா தான் எழுதுவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. அவள் எழுதினால் குற்றம் மொத்தமும் என் தலையில்தான் விடியும்.

கோபியில் சத்தி ரோட்டில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன், பதினான்கு வருடமாக. ஊரே மருந்து என்று கேட்டு வாங்குவதை என் மனைவி மட்டும் விஷம் என்கிறாள். டாக்டர் "தெளிச்சீங்க" என்றபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

உரக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. கடை மேசைக்குள்ளேயே இருக்கட்டும். டாக்டருக்குத் தேவையானதைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம்.

இருமல்: காலையில் இரண்டு முறை, படுக்கும்போது ஒரு முறை.

ஆகஸ்ட் 8, வியாழன்

கொசுவத்தி போயிற்று. ஊதுபத்தி போயிற்று. குளியலறையில் தொங்கிய வாசனை வில்லை போயிற்று. பினாயில் பாட்டிலை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் வைத்தாள், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. இனி தரை துடைக்க, எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் மூன்று மாதம் ஊறப்போட்ட தண்ணீராம். பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீராம்.

"இதெல்லாம் ஆரு சொன்னது?" என்று கேட்டேன்.

"மேல்வீட்டு ரமாமணியக்கா. அவிங்க வீட்டுல ரெண்டு வருசமா இதுதானுங்க."

மேல்வீட்டுக்காரி இதையெல்லாம் பாட்டிலில் ஊற்றி விற்கிறாள் என்பதை நான் ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறேன்.

இருமல்: ஒரு முறை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரமாமணி வந்து முன்னறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "நான் விக்கறதுக்காகச் சொல்லலீங்க தம்பி, குழந்தைக்காகச் சொல்றேன்" என்றாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை. அவள் போனபிறகு அந்த எலுமிச்சைத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப்போய், கடையில் மண் பரிசோதிக்கிற காகிதத்தை அதில் முக்கிப் பார்த்தேன். நல்ல புளிப்பு. கோகிலாவிடம் சொன்னேன், இதுவும் ஒரு கெமிக்கல்தான் என்று.

"மோருந்தான் புளிக்குது. அதுக்குன்னு மோரு விசமாங்க?" என்றாள்.

இருமல் இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

இருமல் இல்லை. மூன்று நாளாக இல்லை. கோகிலாவின் நடையே மாறிவிட்டது. பிளாஸ்டிக் டப்பாக்களுக்குப் பதில் எவர்சில்வர் வந்தது. தேய்ந்துபோன தோசைக்கல்லுக்குப் பதில் இரும்புக்கல் வந்தது. முதல் நாலு தோசை கல்லை விட்டு வரவே இல்லை. ஐந்தாவதை என் தட்டில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான் இருக்கும். காற்று மாறியிருக்கிறது, மழை வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

கரப்பான் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? பினாயில் இல்லை, ஒன்றும் இல்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே குடும்பம் குடும்பமாகத் திரிகின்றன. கோகிலா பிரிஞ்சி இலையைக் கசக்கி மூலைக்கு மூலை போட்டாள். சமையல் சோடாவில் சர்க்கரை கலந்து மூடிகளில் வைத்தாள். அவை சர்க்கரையைத் தின்றுவிட்டுச் சோடாவைத் தொடாமல் போயின.

பக்கத்துக் கடை வேலுமணி சாயந்திரம் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் காபி டம்ளர் மேலேயே ஒன்று ஏறியது. "ஏம்ப்பா சென்னியப்பா, மருந்துக்கடைக்காரன் ஊட்டுலயே கரப்பானா?" என்று அவன் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது. திங்கட்கிழமைக்குள் கடைவீதி முழுக்கச் சொல்லிவிடுவான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். கோகிலா வழக்கம்போல் மூன்றே காலுக்குப் பாப்பாவைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனாள். வீட்டில் ஒரு சின்ன வேலை இருந்தது, முடித்தேன். ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்துவிட்டு நாலு மணிக்குக் கடைக்கு வந்துவிட்டேன்.

இருமல்: இரவு மூன்று முறை. பள்ளியில் யாருக்காவது சளி இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 24, சனி

காலையில் கோகிலாவின் சத்தத்தில் எழுந்தேன். "ஏனுங்க! இங்க வந்து பாருங்க!" தொட்டிக்குக் கீழே முப்பது நாற்பது மல்லாந்து கிடந்தன. அவள் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

"சோடாவும் சர்க்கரையும் வேலை செய்யுதுங்க! சித்த நாளாகும்னு அக்கா சொன்னாங்க, அதே மாதிரி!"

என் டைரிதானே, எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை நான் அடித்தேன். கத்தரிச்செடியில் தண்டுதுளைப்பானுக்கு அடிக்கிற மருந்து. கம்பெனிக்காரன் கொடுத்துப்போன சாம்பிள் பாக்கெட். கைத்தெளிப்பானில் கலந்து தொட்டி, அலமாரி இடுக்கு, கட்டிலுக்கு அடியில் எல்லாம் அடித்தேன். அளவு எனக்குத் தெரியும். தினமும் நூறு பேருக்கு அளவு சொல்கிறவன் நான்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் செத்த கரப்பான்களைப் போட்டோ எடுத்து ரமாமணிக்கு அனுப்பிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இருமல்: இரண்டு முறை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ரமாமணி எங்கள் வீட்டுப் போட்டோவைக் காட்டித் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். மூன்று பெண்கள் வந்து தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கோகிலா டீச்சர் மாதிரி விளக்குகிறாள், ஒரு பங்கு சோடா, ஒரு பங்கு சர்க்கரை என்று. நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இருமல் இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

குஞ்சுகள் பொரித்து வந்துவிட்டன. சின்னச் சின்னதாக. கோகிலா இன்னும் கவனிக்கவில்லை. கவனித்தால் மனம் உடைந்துபோவாள். மூன்றே காலுக்கு அந்த வேலையை மறுபடியும் முடித்தேன். இப்போது இது அவளுக்காகச் செய்வது.

இருமல்: இரவு ஐந்து முறை.

செப்டம்பர் 6, வெள்ளி

டாக்டரிடம் போனோம். தாளைக் கொடுத்தேன். மேலும் கீழும் இரண்டு தடவை படித்தார். "புகை எல்லாம் நிறுத்திட்டீங்க. வாசனை எதுவும் இல்லை. அப்புறம் எதுக்கு நடுவுல திடீர்னு ஏறுது? இந்தத் தாள்ல இருக்கற எதோடயும் பொருந்தலையே" என்றார். பொருந்தாது. தாளில் இரண்டு தேதிகளுக்கு நேரே, என்ன தெளித்தோம் என்கிற இடம் காலியாக இருந்தது.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அந்தக் குழாயைப் பாப்பா வாயில் வைத்தபோது கோகிலா சுவரைப் பார்த்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் அடித்ததற்கும் இருமலுக்கும் சம்பந்தம் இருக்காது. ஜன்னலைத் திறந்துதானே வைத்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

புதுச் சட்டம். நான் கடையிலிருந்து வந்தால் வீட்டுக்குள் நுழையக் கூடாது. பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டு, கடைத் துணியைத் தனி வாளியில் போட்டுவிட்டு, அப்புறம்தான் உள்ளே வரவேண்டும்.

"உங்களைச் சொல்லலீங்க. உங்க துணியைத்தான் சொல்றேன்."

இது ரமாமணி சொல்லிக்கொடுத்த பேச்சு. புருஷன் செய்கிற தொழில் இவளுக்கு இப்போது அசிங்கமாகிவிட்டது. நான் விற்ற மருந்தில்தான் இந்த வீட்டுக் கூரை நிற்கிறது. குழாயடிக்குப் போய்க் குளித்தேன். என் மடியில் கனமில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

இருமல் இல்லை, ஐந்து நாளாக. குழாயடிக் குளியலால்தானாம். இருக்கட்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

மத்தியானம் வேலை முடித்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகக் கலந்தேன், அடிக்கடி செய்ய வேண்டாமே என்று.

செப்டம்பர் 21, சனி

நேற்று சாயந்திரம் ஆறு மணிக்குப் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தது. உதடு வெளுத்துவிட்டது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகத்தில் கவசம் மாட்டிப் புகை மாதிரி மருந்து கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் "ப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலாவைக் கேட்டேன், "கொசுவத்திக்குப் பதிலா ரெண்டு நாளா வேப்பிலைப் புகை போட்டியே, அது புகையில்லையா? இயற்கைன்னா நெஞ்சுக்குள்ள போகாதா?"

அவள் புகைச்சட்டியை எடுத்துப்போய்க் குப்பைத்தொட்டியில் போட்டாள். புகையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அங்கே நர்ஸ் சொன்னது உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

ஆனால் அவள் அழுதாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

செப்டம்பர் 28, சனி

காலாண்டு விடுமுறை. பாப்பாவை உடுமலையில் கோகிலாவின் அக்கா செல்வநாயகி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். இரண்டு பேருக்கும் வீட்டில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

செல்வநாயகி போன் செய்தாள். பாப்பா ஒரு தடவைகூட இருமவில்லையாம். இன்ஹேலரை எடுக்கவே இல்லையாம்.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். முதலில் வெற்றி! அந்த வீட்டில் இல்லாத கெமிக்கல் கிடையாது. அறைக்கு அறை கொசுவத்தி. பினாயில். வாசனை ஸ்பிரே. பூஜைக்குப் பத்து ஊதுபத்தி. "பார்த்தியா, ரமாமணி சொன்ன விஷமெல்லாம் உங்கக்கா ஊட்டுல கொட்டிக்கிடக்குது, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கோகிலாவிடம் சொன்னேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நம்ம ஊட்டுல என்னங்க இருக்குது?" என்றாள்.

மேற்கொண்டு சாப்பிட முடியவில்லை.

அக்டோபர் 5, சனி

கோகிலா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எலுமிச்சைத் தண்ணீர் ஆறு பாட்டில், பூந்திக்கொட்டைத் தண்ணீர், சோடா, எல்லாம் சாக்கடையில். ரமாமணி படியிறங்கி வந்து, "என்னம்மா இது?" என்றதற்கு, "எம் புள்ளைக்கு இது ஆகலீங்கக்கா. நான்தான் என்னத்தையோ கலந்து கெடுத்துப்போட்டேன்" என்றாள்.

பிறகு என்னிடம் வந்து சொன்னாள். பாப்பா உடுமலையிலேயே படிக்கட்டும். அக்கா சரி என்றுவிட்டாள், பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே இருக்கிறது.

"எத்தனை நாளைக்கு?"

"நெஞ்சு தேறுற வரைக்கும். நான் இருக்கற ஊட்டுல அவளுக்கு மூச்சு வரமாட்டேங்குதுங்க."

நான் என்று சொன்னாள். நான் இருக்கிற வீட்டில் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. பாப்பா வரவில்லை.

காலையில் காசிபாளையம் நாச்சிமுத்து அண்ணன் கடைக்கு வந்தார். கத்தரிக்கு மருந்து வாங்கிக்கொண்டு, "இதுல சித்த மிச்சம் பண்ணி ஊட்டுக் கரப்பானுக்கு அடிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

நான் பில்லிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "அடிச்சுக்கிடிச்சு வெச்சராதீங்க. காட்டுல அடிச்சாலே ரெண்டு மூணு நாளைக்குக் குழந்தைகளை உள்ள விடக் கூடாது. ஊட்டுக்குள்ள அடிச்சா எங்க போகும் அது? சின்னப் புள்ளைக நெஞ்சு தாங்குமா?"

பதினான்கு வருடமாகச் சொல்கிற பதில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லி முடித்த பிறகுதான் யார் சொன்னது என்று காதில் விழுந்தது.

"என்னுங்க, மொகமே வேர்த்துப்போச்சு?" என்றார் அண்ணன்.

டைரியைத் திருப்பிப் பார்த்தேன். ஆகஸ்ட் 22. செப்டம்பர் 3. செப்டம்பர் 20. ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் என் கையெழுத்திலேயே இருமலோ இழுப்போ எழுதியிருக்கிறது. ரமாமணியைச் சந்தேகப்பட்டேன், எலுமிச்சைத் தோலைச் சந்தேகப்பட்டேன், வேப்பிலையைச் சந்தேகப்பட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சளியைக்கூட விடவில்லை.

பதினொரு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதே நாள், சாயந்திரம்

சொல்லிவிட்டேன். அவள் பாப்பாவின் துணிகளை உடுமலைக்கு அனுப்ப மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரத் தைரியம் வரவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எத்தனை தடவைங்க?"

"மூணு."

"ஆஸ்பத்திரிக்கு ஓடுனமே, அன்னைக்கும்?"

"அன்னைக்கும்."

ஒரு பாவாடையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"கரப்பான் செத்துக் கிடந்த அன்னைக்கு நான் அந்தக் குதி குதிச்சனே, நீங்க வாசப்படியில நின்னு பாத்துட்டுத்தான இருந்தீங்க? மனசுக்குள்ள சிரிச்சீங்களா?"

"இல்ல புள்ள. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு."

"சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க" என்றாள்.

பாவாடையைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அக்டோபர் 9, புதன்

இந்தத் தடவை டாக்டரிடம் தாளைக் கொடுக்கவில்லை, டைரியையே கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இதுதான் காரணம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, ஆனால் இழுப்பு உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் இதை அடித்தது பெரிய தப்பு என்றார். புகை எதுவானாலும், வேப்பிலையானாலும், வேண்டாம் என்றார். ஈரமும் எச்சிலும் இல்லாமல் வைத்துக்கொண்டால் பாதிக் கரப்பான் தானாகப் போகும் என்றார். "கடைக்காரர் நீங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்று அவர் கேட்டபோது கோகிலா எனக்காகப் பதில் சொல்லவில்லை. சொல்வாள் என்று ஒரு நப்பாசை இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

நான்கு நாள் கடை திறக்கவில்லை. அலமாரிகளைக் காலிசெய்து சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை கழுவினேன். மெத்தையையும் பாயையும் தூக்கிப் போட்டாயிற்று. கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு துடைத்தேன். அங்கே பாப்பாவின் கிரேயான் ஒன்று உருண்டு கிடந்தது, பாதி கடித்தது. அங்கேதான் படுத்துக்கொண்டு படம் வரைவாளாம். எனக்குத் தெரியாது. நான் அடித்த இடம் அது.

கோகிலா குழாய்த் துளைகளை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தாள். ஒரே அறையில் வேலை செய்தோம். அவள் முதுகு என் பக்கம்தான் இருந்தது.

அக்டோபர் 16, புதன்

பாப்பா வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக வீடெல்லாம் ஓடினாள். இருமல் இல்லை. நான் கைநீட்டினால் கோகிலா நடுவில் வந்து நிற்கிறாள். என் சட்டைப் பை, டிபன் பை, பைக் பெட்டி எல்லாவற்றையும் தினமும் சோதிக்கிறாள். மத்தியானம் வீட்டுக்கு வர வேண்டாம், சாப்பாட்டைக் கடைக்கே கொடுத்துவிடுகிறேன் என்றாள். சரி என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

நான்கு நாளாக ஒரு கரப்பான்கூடக் கண்ணில் படவில்லை. துளை அடைத்ததும், அவள் தொட்டியைத் துடைத்துத் துடைத்துக் காயவைப்பதும்தான் காரணம். ஆனால் காலையில் அவள் டார்ச் அடித்துத் தொட்டிக்குக் கீழே வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அடிச்சீங்களா?"

"இல்ல."

"நெசமாலுமா?"

பாப்பா மேல் சத்தியமாக என்று வாய்வரைக்கும் வந்தது. அந்தப் பிள்ளை மேல் சத்தியம் செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை. "இல்ல" என்று மட்டும் மறுபடியும் சொன்னேன்.

அவள் பாப்பாவுக்குச் சட்டையை மாட்டி, கிரேயான் டப்பாவைக் கையில் கொடுத்து ரமாமணி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஜன்னலையெல்லாம் திறந்தாள். அலமாரியில் ஒவ்வொரு தட்டாக முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். நான் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். செய்ததை ஒப்புக்கொள்ள ஒரு வார்த்தை போதும். செய்யாததை எதைக் காட்டி நிரூபிப்பது? அவள் நம்பாததில் தப்பே இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் என்னை வீட்டைவிட்டே துரத்தியிருப்பேன்.

பதினொன்றரை மணி இருக்கும். கேஸ் அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒன்று வந்தது. நல்ல பெரிது. மீசையை ஆட்டிக்கொண்டு மேடை ஓரமாக நிதானமாக நடந்தது. பதினான்கு வருடத் தொழிலில் ஒரு பூச்சியைப் பார்த்து நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

"கோகிலா! ஓடியா! இங்க பாரு, உசுரோட இருக்குது!"

அவள் ஓடி வந்தாள். அது சுவரோரம் ஊர்ந்து அலமாரிக்குப் பின்னால் மறைகிறவரைக்கும் இரண்டு பேரும் அசையாமல் நின்று பார்த்தோம்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு பாப்பாவைக் கூட்டிவர மாடிக்குப் போனாள்.